அம்பாசிடருக்குப் போட்ட ஆல்டர்னேட்டர்

காலை ஏழு இருபதுக்கு முதலில் கண்ணில் பட்டது வெள்ளி நிறப் பெயிண்ட். காரின் பானெட் மேல் பழைய தினசரித் தாளை விரித்து அதன்மீது, வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை வைத்திருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே பளபளப்பு. போல்ட்டின் மரைகளுக்குள்ளும் பெயிண்ட் இறங்கியிருந்தது. புதிதாக வருகிற சாமானின் மரையில் பெயிண்ட் இருக்காது. தயாரித்தவர் பெயர் பொறித்த சிறிய தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றின் ஓரங்களையும் பெயிண்ட் மூடியிருந்தது.

"புதுசுதானே?" என்று கேட்டேன்.

"புதுசு மாதிரி மச்சான்," என்றான் எலக்ட்ரீஷியன்.

இது 2008-இல், சிதம்பரத்தில், புவனகிரி போகும் சாலையோரம் அவன் வைத்திருந்த பட்டறையில் நடந்தது. கார் என் மாமனாருடையது. நான் பிறப்பதற்கு முன்பே வாங்கப்பட்ட அம்பாசிடர். எலக்ட்ரீஷியன் மாமாவின் சித்தப்பா மகனுக்குப் பிறந்தவன். மாமாவைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். என் மனைவிக்குத் தம்பி முறை என்பதால் நான் அவனுக்கு மச்சான். இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு கிணற்றுப் பாதை வழக்கு நடந்து, தீர்ப்பும் வந்து, அதன் பிறகு கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் அளவுக்கு உறவு மீண்டிருந்தது. அதற்கு மேல் மீளவில்லை.

நான் கடலூரில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். மாமா முந்தைய நாள் போன் செய்து, "மாப்ள, நீங்க கூட இருந்தீங்கன்னா நல்லாருக்கும். ரெண்டு கண்ணு போதாது," என்றார். அதனால் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தேன்.

மாமா நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். போட்ட சாலையைக் கம்பியால் குத்தி ஆழம் பார்ப்பது அவர் உத்தியோகம். கான்ட்ராக்டர் சொன்ன அளவை அவர் ஒருநாளும் எழுதிக்கொண்டதில்லை. தான் குத்திப் பார்த்ததைத்தான் எழுதினார். ஓய்வுக்குப் பிறகு குத்திப் பார்க்கச் சாலை இல்லை. காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மின்வாரிய மீட்டர் பார்க்கிறவர் என்று அந்தப் பழக்கம் வேறு இடங்களுக்குப் போனது.

காரில் மாற்றம் செய்ய வேண்டிய அவசியம் அத்தையின், அதாவது என் மாமியாரின், காலிலிருந்து வந்தது. அத்தை குளியலறையில் விழுந்து, அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, வலது முழங்கால் மடங்கவில்லை. பஸ் படி ஏற முடியாது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஒரு சின்னக் கார் வாங்கித் தருவதாகச் சொல்லி, ஷோரூமில் அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தார். கால் கதவுக்கு வெளியே நின்றது. அம்பாசிடரின் பின் சீட்டில் மட்டும் அவர் குறுக்காகக் காலை நீட்டி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, கட்டிலில் இருப்பதுபோல வர முடிந்தது. சனிக்கிழமைதோறும் மாமா ஓட்ட, இருவரும் சிதம்பரத்திலிருந்து கிளம்பித் திருவந்திபுரத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, மாலையில் திரும்புவார்கள். அத்தை வாரத்தில் வீட்டுக்கு வெளியே போவது அந்த ஒரு நாள்தான்.

அந்த வண்டியில் இருந்தது டைனமோ. வேகமாக ஓடும்போது அது மின்சாரம் கொடுக்கும். மெதுவாக ஊர்ந்தாலோ நின்றாலோ கொடுக்காது; பேட்டரியிலிருந்துதான் எல்லாம் போகும். ஒரு மழை மாலையில் செம்மங்குப்பம் அருகே லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் மூன்றும் சேர்ந்து பேட்டரியைக் குடித்தன. விளக்கு மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி, இன்ஜின் நின்றுபோனது. கெமிக்கல் கம்பெனிகளின் நெடியில் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கால் நீட்டியபடி, நான் மோட்டார் சைக்கிளில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேரும்வரை உள்ளேயே இருந்தார். இறங்கி நிற்கவும் அவரால் முடியாது.

அன்றிரவு மைத்துனர் போனில் பேசினார். "இன்னொரு தடவ அம்மா ரோட்ல நின்னாங்கன்னா வண்டிய வித்துடணும்பா. அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்." மாமா சரி என்றார். அத்தை பக்கத்திலிருந்து, "வித்துட்டா நான் எதுல போவேன்?" என்று கேட்டார்.

டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாம் என்று சொன்னது எலக்ட்ரீஷியன். வண்டி நின்றிருந்தாலும், இன்ஜின் ஓடினால் அது மின்சாரம் கொடுக்கும். யோசனை சரியானதுதான். ஆனால் அவனைப் பற்றி எனக்கு வேறொன்று தெரியும். புதுச்சேரியில் பழைய கார்களை வாங்கிச் சேர்க்கும் ஒருவர் மாமாவின் வண்டியைப் பார்க்க இரண்டு முறை வந்திருந்தார். இரண்டு முறையும் அவரைக் கூட்டிவந்தவன் இவன். வண்டி இன்னொரு முறை நின்றால் விற்பனைக்கு வரும். விற்பனைக்கு வந்தால் யார் கூட்டிவந்த ஆளுக்குப் போகும் என்பது வெளிப்படை. வண்டி நிற்காமல் ஓட வைக்கும் வேலையை அவனிடமே கொடுத்திருந்தோம்.

மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பானெட்டைச் சுற்றி வந்தார்.

"தகடு எங்கடா?"

"எந்தத் தகடு பெரியப்பா?"

"பேரு போட்ட தகடு."

"பேரா கரண்டு குடுக்கும்?"

"இவங்கப்பனும் இப்படித்தான் பேசுவான்," என்றார் மாமா என்னிடம், அவன் காதிலும் விழும்படி.

"எங்கப்பன் பேசித்தான் கெணத்துப் பாத எங்களுக்கு வந்துச்சு," என்றான் அவன், பானெட்டுக்குள் தலையை விட்டபடி. "அந்த பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடு மச்சான். பத்திரிகைக்காரங்க கையில ஸ்பேனர் குடுத்தா தப்பா?"

வேலையை அவன் நன்றாகத்தான் செய்தான். டைனமோ நீளமானது, ஆல்டர்னேட்டர் குட்டை. அதைப் பழைய இடத்தில் நிறுத்த இரும்புப் பட்டையில் ஒரு தாங்கி செய்து, லேத்தில் கொடுத்து ஓட்டை போட்டு வைத்திருந்தான். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் பெல்ட்டைத் தின்றுவிடும் என்று சொல்லி, வாஷர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் எடுத்தும் கண்ணை இடுக்கிப் பார்த்தான். பழைய காலத்து முறைப்படி மாமாவின் வண்டியில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருந்தது. ஆல்டர்னேட்டருக்கு அது ஆகாது. பேட்டரியைத் திருப்பி வைத்து, மைனஸை பாடியில் கொடுத்து, அந்த முனையின் நட்டை ஸ்பேனர் வைத்து இறுக்கினான். கடைசிச் சுற்றுக்கு அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

இன்ஜினை ஓட்டிவிட்டு, முடுக்காமல், ஹெட்லைட்டைப் போட்டான். பட்டறைச் சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்கள் விழுந்தன. ஹாரனை அழுத்தினான். வெளிச்சம் அசையவில்லை. டாஷ்போர்டில் சார்ஜ் இல்லாதபோது எரியும் சிவப்பு விளக்கு அணைந்தே இருந்தது.

அந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து போன் வந்ததால் சாலைக்கு வந்தேன். மணல் லாரிகளின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசியபடி உள்ளே பார்த்தேன். மாமா ஓடும் இன்ஜினின் மேல் குனிந்து பேட்டரிப் பக்கம் கையை நீட்டினார். எலக்ட்ரீஷியன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். ஏதோ சொன்னான். மாமா கையை உருவிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "கைய வைக்கக் கூடாதுன்றான்," என்றார் மாமா. "என் வண்டில என்னையே தொடக் கூடாதுன்றான். உள்ள எதையோ மறைக்கிறான் மாப்ள."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடியது. அத்தை எங்கள் வீட்டில் இறங்கும்போது, "லைட்டு இப்ப பட்டப்பகல் மாதிரி அடிக்குது," என்று சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை, இங்கிருந்து திரும்புகிற வழியில், ஆலப்பாக்கம் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. வெயில் இருந்ததால் ஹெட்லைட் போடாமல், ஹாரன் அடிக்காமல், பேட்டரியில் இருந்ததை வைத்துக்கொண்டே மாமா வீடு போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்தான். உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் இருக்கும் தட்டு கருகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

"வண்டி ஓடும்போது யாராச்சும் பேட்டரி ஒயர எடுத்தீங்களா?"

"யாரு எடுக்கப் போறா?" என்றார் மாமா.

அவன் அவரைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு வேறு தட்டு போட்டு மாட்டிக் கொடுத்தான். முனகவில்லை. வேலை ஜாஸ்தி என்று சலித்துக்கொள்ளவில்லை.

அந்த மாதிரிக் கேள்வி எத்தனையோ செய்தியாளர் கூட்டங்களில் என் காதில் விழுந்திருக்கிறது. பாலம் விரிசல் விட்டால், கட்டியவர்கள், அதன்மீது யார் அதிக பாரம் ஏற்றினார்கள் என்று முதலில் கேட்பார்கள். அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். அவன் தோள் குலுங்க இறுக்கிய பேட்டரி நட்டு தளர்ந்திருந்தது. விரலால் சுற்றினாலே கழன்றது. முனையைச் சுற்றிப் புதிய கீறல்கள் மின்னின. பட்டறையில் கழற்றுவதற்கு முன்பே அது அப்படி இருந்ததைப் பார்த்தேன். அவன் வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். மாமாவின் ஷெட்டுக்கு ஒரு சாவி அவன் பட்டறை ஆணியில் தொங்கியது.

இரண்டாம் முறை விளக்கு எரிந்தபோது வண்டி எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது. மைத்துனருக்குச் செய்தி போய்விட்டது.

"இது கணக்குல வருமாப்பா?" என்றார் போனில்.

"நிக்கலடா. லைட்டுதான் எரிஞ்சுது."

"அடுத்த வாரம் நான் வரேன். சனிக்கெழம நானும் கூட வந்து பாக்குறேன். அப்ப நின்னுச்சுன்னா அவ்ளோதான்."

அன்றும் மாமா பேட்டரியை வைத்தே வண்டியை வெயிலில் சிதம்பரம் கொண்டுபோய்ச் சேர்த்தார். இம்முறை எலக்ட்ரீஷியனிடம் விடவில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றி, கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு நானே கொண்டுபோனேன். லாரிகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் வேலை செய்யும் கடை. கடைக்காரர் மூடியைத் திறந்ததும் சொன்னார்: "பாடி பழசு சார். எங்கியோ ஒடைச்ச வேன்லேர்ந்து எடுத்தது. உள்ள காயில் புதுசு, பேரிங் புதுசு. நல்லாத்தான் பண்ணியிருக்காங்க."

பெயிண்ட் விஷயத்தில் நான் சரியாகவே சந்தேகப்பட்டிருந்தேன். அவர் கருகிய தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டிவிட்டு அடுத்ததாகக் கேட்டார்: "ஓடும்போது பேட்டரி ஒயரப் புடுங்குனாங்களா?"

இருவரும் ஒரே இடத்தில் தொழில் கற்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் எதற்குக் கேட்கிறார் என்று கேட்டேன்.

"டைனமோ காலத்துல அப்படித்தான் டெஸ்ட் பண்ணுவாங்க. வண்டிய ஓட்டிட்டு, ஒயர எடுத்துடுவாங்க. இன்ஜின் நிக்காம ஓடுச்சுன்னா டைனமோ நல்லாருக்குன்னு அர்த்தம். இதுல அப்படிப் பண்ணா, போற கரண்டு போக எடமில்லாம திரும்பி இதையே அடிக்கும். ஒரு தடவ தாங்கும், ரெண்டு தடவ தாங்கும். அப்புறம் பொசுங்கிடும்."

புதிய தட்டைப் போட்டுக் கொடுத்தார். சிதம்பரத்துக்குக் கொண்டுபோய், எலக்ட்ரீஷியன் மாட்டுவதை அருகில் நின்று பார்த்தேன். நட்டை நானே இறுக்கினேன். அவன் ஒதுங்கி நின்றான்.

"கடலூர் கடையில என்னா சொன்னாங்க மச்சான்?"

"பாடி பழசுன்னாங்க."

"பழசுதான். உள்ள?"

நான் நட்டை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தேன். ஒயரைப் பற்றி மாமாவிடம் நான் கேட்டிருக்கலாம். அவர் முன்பே, யார் எடுக்கப்போகிறார்கள் என்று எல்லோர் எதிரிலும் சொல்லியாகிவிட்டது. மாமனார் சொன்ன வார்த்தையை மாப்பிள்ளை திரும்பக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. தவிர, அந்த நேரத்தில் என் மனம் முழுக்க ஆணியில் தொங்கிய சாவியின் மேல் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல், அரை நாள் விடுப்பில் சிதம்பரம் போனேன். மைத்துனர் அன்றிரவு பெங்களூரிலிருந்து கிளம்பி மறுநாள் விடிகாலையில் வருவதாக இருந்தது. சனிக்கிழமைப் பயணம் கெட வேண்டும் என்று யாராவது விரும்பினால் அதற்கு முந்தைய மாலைதான் தோதானது. மாமா வீட்டில் மாடி அறை ஜன்னல் ஷெட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. தலைவலி என்று சொல்லி மேலே போய், ஜன்னலை ஒருக்களித்துவிட்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு மேல் பூக்காரப் பெண் வந்து போனார். கேபிள் டிவி ஆள் வந்து போனார். எலக்ட்ரீஷியன் வரவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் மாமா ஷெட்டைத் திறந்தார். காரை ஸ்டார்ட் செய்தார். இறங்கி வந்து பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்தார். தோளில் கிடந்த துண்டை வலது கையில் சுற்றிக்கொண்டார். நட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, பேட்டரி முனையிலிருந்து ஒயரை மேலே தூக்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

சமையலறை ஜன்னலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஓடுதா?"

"ஓடுது."

பால் பொங்கியதா என்று கேட்பதுபோல அவர் கேட்டார். பொங்கியது என்பதுபோல இவர் சொன்னார். இருவருக்கும் அது தினப்படி நடக்கும் காரியம் என்பது அந்தக் குரல்களிலேயே தெரிந்தது.

நான் கீழே இறங்கி ஷெட்டுக்குப் போனேன். ஒயர் அதற்குள் திரும்ப முனையில் உட்கார்ந்திருந்தது.

"மாமா, தெனமும் இப்படிப் பாக்குறீங்களா?"

"வாங்கின நாள்லேர்ந்து பாக்குறேன்."

"டைனமோவுக்கு அது சரி. இதுக்கு ஆகாதாம் மாமா. இதாலதான் பொசுங்குதாம்."

"அவனும் அன்னிக்கு அதத்தான் சொன்னான்."

"அப்புறமுமா?"

"சொல்றவன் யாருன்னு பாக்கணும்ல மாப்ள? வேலை செஞ்சவன் தொட்டுப் பாக்காதன்னா, நான் சர்வீஸ்ல இருந்தப்ப அந்த எடத்துலதான் மொதல்ல கம்பிய எறக்குவேன்."

"கடலூர் கடைக்காரரும் அதையேதான் சொன்னார்."

மாமா யோசித்தார். "அந்தாளு இவனுக்குத் தெரிஞ்சவனா?"

பதில் சொல்லுமுன் திறந்திருந்த கார்க் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமாவும் பார்த்தார். முடுக்கியைக் கையால் இழுத்து இன்ஜினை வேகப்படுத்தினார். விளக்கு அணையவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு, கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகன் வரப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தது.

"அவனைக் கூப்புடுங்க," என்றார். நான் எண்ணை அழுத்தும்போது, "ஒயரு சமாச்சாரம் அவன்கிட்டச் சொல்லாதீங்க மாப்ள. விளக்கு எரியுதுன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க அப்பன் காதுக்குப் போச்சுன்னா தெருவே சிரிக்கும்," என்றார்.

சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் ஸ்கூட்டரில் வந்தான். பானெட்டுக்குள் பார்த்தான். பேட்டரி நட்டை விரலால் ஆட்டிப் பார்த்தான். இம்முறை அவன் எதையும் கேட்கவில்லை. அத்தை சுவரைப் பிடித்தபடி காலை இழுத்து இழுத்து ஷெட் வாசலுக்கு வந்திருந்தார்.

"எதுக்குடா அது அடிக்கடி கெடுது?"

"தெரியல பெரியம்மா."

"ஒருவேள இவரு தெனம் அந்த ஒயரத் தூக்கித் தூக்கிப் பாக்குறாரே, அதனால இருக்குமா?"

மாமா ஷெட்டின் தகரத்தைப் பார்த்தார். நான் ஸ்கூட்டரைப் பார்த்தேன்.

"இருக்கும்," என்றான் எலக்ட்ரீஷியன். "மொத தடவையே தெரியும் பெரியம்மா."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னேனே. கையப் புடிச்சே சொன்னேன். பங்காளிப் பய சொல்றான்னு பொத்திக்கிட்டுப் போய் வீட்ல பண்ணியிருக்காரு. நான் ரெண்டாந் தடவ சொன்னா பதினாறு தடவ தூக்கிப் பாப்பாரு. நீயும் அவரு கூடச் சேந்துக்கிட்டு என்னையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்த. யாருகிட்ட சொல்றது?"

"பழைய பாடிக்குப் பெயிண்ட் அடிச்சியே, அத யாருகிட்ட சொன்ன?"

"பெரியப்பாகிட்ட. பழசே போதும், உள்ள மட்டும் புதுசாப் போடுன்னு அவருதான் சொன்னாரு. கேளு."

மாமாவைப் பார்த்தேன். "உங்ககிட்ட சொன்னா எதுக்குப் பழசுன்னு கேப்பீங்கன்னு விட்டுட்டேன்," என்றார் அவர். பட்டறையில் அன்று காலை அவர் தகடு எங்கே என்று கேட்டது எனக்குக் காட்டுவதற்காகத்தான் போலிருக்கிறது.

"பாண்டிக்காரர எதுக்குக் கூட்டியாந்த?" என்றேன்.

"விக்கிறதா இருந்தா அவருக்கு வித்துக் குடுத்திருப்பேன். இப்பவும் வித்துக் குடுப்பேன். அதுக்காக பெரியம்மாவ நடு ரோட்ல ஒக்கார வைப்பனா மச்சான்?"

இந்தப் பதிலை அன்றே பலமுறை மனத்துக்குள் திருப்பிப் பார்த்தேன். முதல் முறையே தெரிந்தவன், அதன் பிறகும் சனிக்கிழமைதோறும் அத்தை அந்த வண்டியில் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்த இடம் எனக்கு இப்போதும் ஒட்டவில்லை.

அவன் பட்டறைக்குப் போய் ஒரு டயோடு தட்டும், உள்ளங்கை அளவு வட்டமான ஒரு வோல்ட் மீட்டரும் கொண்டுவந்தான். தட்டை மாற்றி மாட்டி முடிக்க ஏழரை ஆனது. மாமா டார்ச் அடித்தார். பிறகு அவன் டாஷ்போர்டுக்குக் கீழே, மாமாவின் இடது முழங்காலுக்கு நேராக, மீட்டரைத் தொங்கவிட்டு ஒயர் கொடுத்தான். இன்ஜினை ஓட்டினான். முள் எழுந்து பதினான்கில் நின்றது.

"பெரியப்பா, இங்க பாரு. பதினாலுகிட்ட நின்னா சார்ஜ் ஏறுது. பன்னண்டுக்குக் கீழ எறங்குச்சுன்னா ஏறல. சந்தேகப்படணும்னா ஓட்டிக்கிட்டே இத பாத்து சந்தேகப்படு. ராத்திரி பகல் பாத்துக்கிட்டே இரு. ஒயரத் தொடாத."

"இது சரியாக் காட்டுதுன்னு யாரு சொன்னா?" என்றார் மாமா.

"நான்தான் சொல்றேன்."

மாமா அவனைப் பார்த்தார். அத்தை சிரித்துவிட்டார். எலக்ட்ரீஷியன் நட்டை இறுக்கி, அதற்கு மேல் இன்னொரு நட்டையும் போட்டு இறுக்கினான். அதை விரலால் கழற்ற முடியாது. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, அத்தை கொடுத்த காபியை நின்றபடியே குடித்தான். அந்த வீட்டில் அவன் காபி குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மறுநாள் மாமா ஓட்டினார். மைத்துனர் முன் சீட்டில் உட்கார்ந்தார். அத்தை பின்னால் காலை நீட்டிக்கொள்ள, நான் அவர் பாதத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டேன். திருவந்திபுரத்தில் கூட்டம். கோயில் சக்கர நாற்காலி வரத் தாமதமானது. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கிளம்பும்போது மேற்கே கறுத்துவிட்டது. மைத்துனர் அவர்களோடு சிதம்பரம் திரும்ப வேண்டும், நானும் ஏறிக்கொண்டேன்.

முதுநகர் தாண்டுவதற்குள் மழை பிடித்தது. செம்மங்குப்பத்தில் லாரிகள் நின்றன. ஹெட்லைட் எரிந்தது. வைப்பர் ஓடியது. முன்னாலிருந்த லாரியின் பின்புறத்தில் எங்கள் வெளிச்சம் வெள்ளையாக விழுந்தது. வழக்கமான நெடி கண்ணாடி இடுக்கு வழியாக வந்தது. மைத்துனர் மீட்டரைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். மாமா மீட்டரைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"முன்னாடி பாத்து ஓட்டுப்பா," என்றார் மைத்துனர்.

"நிக்கிற வண்டிக்கு முன்னாடி என்னடா?"

முள் பதினான்குக்கும் பதின்மூன்றரைக்கும் நடுவே ஆடியது. அத்தை அதற்குள் தூங்கிப்போயிருந்தார். லாரிகள் நகர்ந்தன. புதுச்சத்திரத்தில் மழை விட்டது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது மைத்துனர், "அடுத்த மாசம் அம்மாவுக்கு அந்த சீட்டுக்கு ஒரு நல்ல குஷன் தெச்சுக் கொண்டாரேன்," என்றார். விற்பதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. மாமாவும் அதை எடுக்கவில்லை.

வண்டி வீட்டில் இருந்தது. சனிக்கிழமைகளில் அவர்கள் தொடர்ந்து வந்தார்கள். ஒயரை யாரும் தூக்கியதாக அத்தை சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் மாமாவோடு கடைத்தெருவுக்குப் போக அந்தக் காரில் ஏறினேன். டாஷ்போர்டுக்குக் கீழே, எலக்ட்ரீஷியன் தொங்கவிட்ட மீட்டருக்குப் பக்கத்தில், இன்னொரு வோல்ட் மீட்டர் இருந்தது. அதை மாமா முதுநகரில் வாங்கியிருந்தார்.